பிறர்கை ஒப்படைத்த பொறியும் நம்கை நிற்க வேண்டிய திறவுகோலும்

ஒரு பொருளை உடையவன் ஒருவன். அதனைப் பேணுபவன் மற்றொருவன். இவ்விருவர்க்கும் இடையேயுள்ள முறைமை செம்மையாக நிற்கும்வரை பொருள் நிலைபெறும். அது பிறழ்ந்துழி உடையவன் தன் பொருளுக்கே அயலானாவான். நிலத்துக்கும் நீருக்கும் பொருந்திய இவ்வுண்மை, இந்நாளில் நம்மவர் கடைதோறும் வீற்றிருக்கும் கணிப்பொறிக்கும் பொருந்துமாற்றை வரலாற்று வாயிலாக எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சென்ற ஐப்பசித் திங்களில் ஒருநாள் மாலை, கீழ்க்கட்டளையில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் அன்பர் ஒருவர் வாடிய முகத்தினராய் எம் இல்லம் போந்தார். பட்டியல் இடுதல், சரக்கிருப்பு, கடன் பேரேடு, வரிக்கணக்கு ஆகிய யாவும் அவர் கடையிற் கணிப்பொறி வாயிலாகவே நடந்து வந்தன. அப்பொறிகளைப் பேணும் பொறுப்பை மாதந்தோறும் ஒரு தொகை பேசி ஒரு சிறு நிறுவனத்தாரிடம் விட்டிருந்தார். அவர்கள் தொழிலைக் கைவிட்டுச் சென்றனர். சின்னாட்களில் சர்வரின் வட்டுப் பழுதுற்றது. கடவுச்சொல் யாது? அவர் அறியார். நகல் எங்குளது? அதனையும் அறியார். ஒப்பந்தம் எங்கே? வாய்ச்சொல்லன்றி வேறில்லை. ஆறாண்டுக் கடன் பேரேடு அற்றுப் போயிற்று. “ஐயா, யார் எனக்கு எவ்வளவு தரவேண்டும் என்பதைத் தரவேண்டியவரிடமே போய்க் கேட்கும் நிலைக்கு வந்துவிட்டேனே” என்று அவர் கூறியபொழுது, மறுமொழி கூற எமக்கு நா எழவில்லை.

இதனைக் கேட்பார் சிலர், பிறரை நம்பியதே பிழை என்பர். அஃது அன்று. ஐந்தாறு பொறிகள் உள்ள கடைக்காரர், அவற்றைப் பார்ப்பதற்கென்றே ஒருவரைச் சம்பளத்தில் அமர்த்துதல் இயலாது. பொறியைச் செப்பனிடுதல், வலையிணைப்பைக் காத்தல், நிரல்களைப் புதுப்பித்தல், நகல் எடுத்தல் என்னும் இத்தொழில்களைப் பல கடைகளுக்கும் சேர்த்து ஒரு நிறுவனத்தார் செய்வது செலவைக் குறைக்கும். ஆதலின் ஒப்படைத்தல் குற்றமன்று. ஒப்படைக்கும் முறையறியாமையே குற்றமாகும்.

நம் முன்னோர் இம்முறையை நன்கு அறிந்திருந்தனர். நம்மூர் ஏரியையே காண்க. கீழ்க்கட்டளை ஏரியின் மிகைநீர் நாராயணபுரம் ஏரி வழியே பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் சென்று சேரும். ஒன்றோடொன்று பிணைந்த இத்தகைய ஏரிகள் தொண்டைநாடெங்கும் பல. அவற்றைப் பேண ஒவ்வொரு குடியானவனும் நாடோறும் கரைமீது நின்றானல்லன். மதகைத் திறந்தும் அடைத்தும் நீரைப் பங்கிட நீர்க்கட்டி என்னும் பணியாளனை ஊரார் அமர்த்தினர். விளைவில் அவனுக்கு ஒரு பங்கு அளந்தனர். ஏரியைப் பேணுதற்கென்றே விடப்பட்ட நிலம் ஏரிப்பட்டி எனப்பட்டது.

இம்முறையின் உயிர்நாடி எது என்பதை உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் உணர்த்துகின்றன. நம்மூரும் அவ்வூரும் பழைய செங்கற்பட்டு ஜில்லாவில் அடங்கியிருந்தவையே. முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற அச்சாசனங்களின்படி, ஏரி வாரியத்திற்கு 6 உறுப்பினர் குடவோலை வாயிலாகத் தேர்ந்தெடுக்கப்பெற்றனர். அவர்தம் பதவிக்காலம் 360 நாள். முன்பு வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் ஓலையில் பெயர் எழுதப்படும் தகுதியை இழந்தனர். பொறுப்பைப் பிறரிடம் விட்டனர். கணக்குக் கேட்கும் உரிமையை விட்டாரல்லர். இதனை அன்பர்கள் நெஞ்சிற் பதித்துக் கொள்க.

நிற்க. கணிப்பொறி நம் நாடு புகுந்த வரலாற்றை இனிக் காண்பாம். 1955 இல் கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் முதற் கணிப்பொறி வந்தமர்ந்தது. பின்னர் அமெரிக்க நிறுவனமாகிய ஐ.பி.எம். தன் பொறிகளைப் பெரும்பாலும் வாடகைக்கே விட்டது. பொறியும் அவர்களுடையது, அதைச் செப்பனிடும் கையும் அவர்களுடையது. இடர் நேர்ந்தால் அவர்தம் பணியாளர் வந்து பார்ப்பர். வாடகைக்கு எடுத்தவர் உள்ளே என்ன நிகழ்கின்றது என அறிய வேண்டிய தேவையில்லாதிருந்தது.

1973 இல் அன்னியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பெற்றது. அயல்நாட்டு நிறுவனங்கள் பலவும் இந்தியாவிலுள்ள தம் கிளைகளில் தமது பங்கை 40 விழுக்காட்டிற்குக் குறைத்துக்கொள்ள வேண்டுமென அரசாங்கம் வற்புறுத்திற்று. ஐ.பி.எம். இசையவில்லை, 1978 இல் இந்நாட்டை விட்டு நீங்கிற்று. ரயில்வே, வங்கி, கல்விச்சாலை முதலிய இடங்களில் ஓடிக்கொண்டிருந்த பொறிகளை இனி யார் பேணுவர் என்னும் வினா எழுந்தது.

நல்வினையாக, அரசாங்கத்தார் 1975 இலேயே கணிப்பொறிப் பராமரிப்புக் கழகம் ஒன்றை அமைத்திருந்தனர். சி.எம்.சி. என வழங்கிய அக்கழகத்தார் ஐ.பி.எம். பொறிகளின் பராமரிப்பை 1978 இல் ஏற்றனர். ஒரு நிறுவனத்தார் செய்த பொறியை மட்டுமன்றிப் பல நிறுவனத்தார் பொறிகளையும் பழுதுபார்க்கும் திறத்தை நம் நாட்டு இளைஞர் அங்கே பயின்றனர். அக்கழகமே 1980 களின் இடையில் ரயில்வே முன்பதிவுக்குரிய கணிப்பொறி அமைப்பையும் ஆக்கித் தந்தது. பின்னர் 2001 இல் டாட்டா குழுமத்தார் கைக்கு மாறி, 2015 இல் டி.சி.எஸ். நிறுவனத்தோடு இணைந்தது. பேணுவோன் நீங்கும் நாள் வரும் என முன்னரே எண்ணி மாற்றாள் ஒருவனை ஆயத்தஞ் செய்தமையால், ஒரு நாடு தன் இடரைத் தாண்டிற்று. இரும்புக்கடை அன்பர்க்கு வாய்க்காதது இம்முன்னெண்ணமே.

அப்பால் தொழில் விரிந்தது. 1989 இல் அமெரிக்கக் கோடக் நிறுவனம் தன் கணிப்பொறி நிலையங்களை ஐ.பி.எம். வசம் ஒப்படைத்த பின், பெருநிறுவனங்கள் பலவும் அவ்வழி நடந்தன. தமிழகத்தவராகிய சிவ நாடார் நண்பர்களோடு 1976 இல் தொடங்கிய எச்.சி.எல்., தொலைவிலிருந்தே பிறர் பொறிகளைப் பேணும் தொழிலிற் பிற்காலத்துப் பெயர்பெற்றது. இன்று ஸோஹோ எனப்படும் நிறுவனம் 1996 இல் அட்வென்ட்நெட் என்னும் பெயரோடு தோன்றி, வலையமைப்புக்களைக் கண்காணிக்கும் நிரல்களையே முதற்கண் செய்தது. அதன் தலைமையிடம் தாம்பரத்திற்குத் தெற்கே கூடுவாஞ்சேரியை அடுத்துள்ளது. உலகத்தார் பொறிகளைப் பேணும் கருவிகள் நம் அயலிலேயே ஆக்கப்படுகின்றன. நம் கடைப்பேரேட்டின் திறவுகோலோ எவரிடம் உள்ளதென நாம் அறியோம்! இது வியப்பன்றோ?

இனி இம்முறையின் இடர்களையும் கூறுதல் வேண்டும். ஓர் ஏரிக்கரை உடைந்தால் அதன்கீழ் உள்ள வயல் அனைத்தும் மூழ்கும். 2021 ஜூலை 2 ஆம் நாள், பராமரிப்பு நிறுவனத்தார் பலரும் கையாண்ட கசேயா என்னும் அமெரிக்க நிறுவனத்தின் நிரல் வழியாகத் தீநிரல் ஒன்று புகுந்தது. அது கோப்புக்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்பது. நேரே தாக்குண்ட பராமரிப்பு நிறுவனங்கள் 60 க்கும் குறைவு. அவற்றை நம்பியிருந்து துன்புற்ற சிறு நிறுவனங்களோ ஏறக்குறைய 1,500. சுவீடன் நாட்டில் கூப் என்னும் அங்காடிகள் ஏறக்குறைய 800 கதவடைத்தன. அவற்றின் பணப்பெட்டிப் பொறிகள் இயங்கவில்லை.

நம் நாட்டிலும் 2024 ஜூலை இறுதியில் சி-எட்ஜ் என்னும் நிறுவனம் அத்தகைய தாக்குதலுக்கு உள்ளாயிற்று. கூட்டுறவு வங்கிகளும் கிராம வங்கிகளும் தம் கணிப்பொறிப் பணியை அதனிடம் ஒப்படைத்திருந்தன. தீங்கு பரவாதிருக்கத் தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகத்தார் அந்நிறுவனத்தைத் தம் வலையிலிருந்து பிரித்து வைத்தனர். ஏறக்குறைய 300 சிறு வங்கிகளின் வாடிக்கையாளர்க்குப் பணப்பரிமாற்றம் தடைப்பட்டது. அவ்வங்கிகள் செய்த பிழை யாது? ஒன்றுமில்லை. மதகு ஒன்றாயிருந்தமையே காரணம்.

நீரால் வரும் கேட்டை நமக்கு எவரும் சொல்ல வேண்டுவதில்லை. 2015 டிசம்பர் முதல் நாளன்று தொடங்கி ஒரு நாட்பொழுதில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பெய்தது. பொறியும் அதன் நகலும் ஒரே மேசையடியில் இருந்தால், அத்தகைய வெள்ளத்தில் இரண்டும் ஒருங்கே அழியும், அந்நகல் நகலேயன்று.

ஆகலின் நம்மவர் செய்யத்தக்கன யாவை? உத்தரமேரூரார் நெறியே இன்றைக்கும் போதும். ஒப்பந்தம் எழுத்தில் இருத்தல் வேண்டும். ஓராண்டுக்கு ஒருமுறை அதனைப் புதுக்குக. தலைமைக் கடவுச்சொல்லும், இணையப் பெயர்ப் பதிவும் கடை உரிமையாளர் பெயரிலேயே இருக்க. பேணுவோர்க்கு வேறு கணக்குத் தருக. நகல் ஒன்று கடைக்கு வெளியே வேறிடத்தில் இருக்க. திங்கள்தோறும் ஒருநாள் அந்நகலிலிருந்து ஒரு கோப்பையேனும் மீட்டுக் காட்டுமாறு கேட்க; அதுவே இக்காலத்துக் கணக்குக் காட்டல் ஆகும். பணியை விட்டு நீங்குவோர் எவற்றையெல்லாம் ஒப்புவித்துச் செல்ல வேண்டும் என்பதை, அவர் பணி ஏற்கும் நாளிலேயே எழுதி வைக்க. தாக்குதல் நேர்ந்தால் 6 மணி நேரத்துள் செர்ட்-இன் என்னும் மத்திய அமைப்பிற்கு அறிவிக்க வேண்டுமென 2022 ஏப்ரல் 28 ஆம் நாள் ஆணை பிறந்துள்ளது. அதனை யார் செய்வர் என்பதையும் ஒப்பந்தத்திற் சேர்க்க.

திருவள்ளுவர் தெரிந்து தெளிதலை ஓர் அதிகாரமாகவும், தெரிந்து வினையாடலை அதனை அடுத்த அதிகாரமாகவும் வைத்தார். ஆராய்ந்து தேர்தலோடு வினை முடிவதில்லை. தேர்ந்தவனை அறிந்து ஆளுதலும் வேண்டும் என்பது அவ்வைப்பு முறையால் நாம் பெறும் பாடமாகும்.

அவ்வன்பர் இப்பொழுது பழைய பட்டியல் தாள்களைக் கொண்டு பேரேட்டைக் கையால் எழுதி வருகின்றார். மாலைப்பொழுதில் எம் மாணாக்கர் இருவர் அவர்க்குத் துணை செய்கின்றனர். பாதிக் கடன் மீளும் என்று நம்புகின்றார். அடுத்த மாதக் கூட்டத்திற்கு வரும் வணிக அன்பர்கள் தத்தம் பராமரிப்பு ஒப்பந்தத்தைக் கையோடு கொண்டுவந்தால், கூடியிருந்து படித்து, குறையுள்ள இடத்தை நிரப்பிக் கொள்ளலாம். ஒப்பந்தமே இல்லாதவர் தயங்காது வருக. அவர்க்கே அக்கூட்டம் முதற்கண் வேண்டுவது.