மண்பானையில் வைத்த ஸ்பீக்கரும் நான் சொன்ன ஒரு பிழையான வார்த்தையும்

கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

எங்கட வயதுக்காரர்களுக்கு மண்பானை ஸ்பீக்கர் ஞாபகம் இருக்கும். பழுதான ரேடியோவில் கழற்றிய ஸ்பீக்கரைப் பானையின் வாயில் பொருத்தி, இரண்டு வயரை இழுத்து விட்டால் பாட்டு 'கும்'மென்று கேட்கும். யார் கண்டுபிடித்தது என்று ஒருவருக்கும் தெரியாது. ஊருக்கு ஊர் பொடியன்மார் செய்தார்கள்.

பல வருடங்களுக்கு முன் எனது வகுப்பில் படித்த ஒரு மாணவன், ஓடாவியிடம் கேட்டு வாங்கிய ப்ளைவுட் துண்டுகளால் இரண்டு பெட்டி அடித்துக்கொண்டு வந்தான். நெஞ்சு உயரம். "சேர், இதை விஞ்ஞானக் கண்காட்சிக்கு வைக்கலாமா?" என்று கேட்டான். "மகன், இதெல்லாம் கம்பனிக்காரங்கட வேலை. நீ ஓ/எல்லுக்குப் படி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவன் ஒன்றும் பேசவில்லை. அந்தப் பெட்டிகளில் ஒன்று பிறகு அவர்களது வீட்டுக் கோழிக்கூட்டுக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன்.

ஒலிபெருக்கியின் வரலாற்றைப் பிறகுதான் தேடிப் படித்தேன். நான் சொன்னது எவ்வளவு பிழை என்பது அப்போதுதான் விளங்கியது.

முதலில், பெட்டி எதற்கு? ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் வரும்போது முன்பக்கக் காற்றை அழுத்துகிறது. அதே நேரம் பின்பக்கக் காற்று தளர்கிறது. தாழ்ந்த சுரங்களில் இந்த இரண்டும் ஓரத்தால் சுற்றி வந்து சந்தித்து ஒன்றையொன்று அழித்துவிடும். அதனால்தான் வெறும் ஸ்பீக்கரைக் கையில் பிடித்தால் தகரச் சத்தம் வருகிறது. பின்பக்க ஒலியைப் பிரித்து அடைத்து வைப்பதே பெட்டியின் முதல் வேலை. எங்கட பானை செய்ததும் அதுதான்.

இன்றைய ஸ்பீக்கரின் அமைப்பு அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பனியில் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெலாக் என்ற இருவர் 1925இல் வெளியிட்டது. காந்தத்துக்குள் ஆடும் கம்பிச் சுருள், அதில் ஒட்டிய கடதாசிக் கூம்பு. நூறு வருடம் கடந்தும் அடிப்படை மாறவில்லை. அது கம்பனி ஆய்வுகூடத்தில் பிறந்தது உண்மை. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள்.

இங்கிலாந்தில் கில்பர்ட் பிரிக்ஸ் என்று ஒரு துணி வியாபாரி இருந்தார். பொறியியல் படித்தவர் அல்லர். பியானோ இசையில் பைத்தியம். 1932இல் இல்க்லி என்ற ஊரில் தன் வீட்டு நிலவறையில் ஸ்பீக்கர் செய்யத் தொடங்கினார். மனைவியும் கூட இருந்து உதவினார். பிரட்ஃபோர்ட் வானொலிச் சங்கம் நடத்திய போட்டிக்கு இரண்டு ஸ்பீக்கர்களை அனுப்பினார். முதலாம் பரிசும் இரண்டாம் பரிசும் அவருக்கே கிடைத்தன. அந்த ஆற்றுப் பள்ளத்தாக்கின் பெயரில் உருவான வார்ஃப்டேல் கம்பனியின் ஆரம்பம் அதுதான்.

எனக்குப் பிடித்தது அவரது வியாபாரத்தை விட அவரது மனசு. 1948இல் ஒலிபெருக்கி பற்றிச் சாதாரண மக்களுக்கு விளங்கும்படி ஒரு புத்தகம் எழுதினார். தொடர்ந்து இன்னும் பல எழுதினார். பெட்டியின் பலகை அதிர்ந்தால் பாட்டு கெடும் என்பதால், இரண்டு ப்ளைவுட் தட்டுகளுக்கு இடையில் உலர்ந்த மணலை நிரப்பச் சொன்னவர் அவர். செங்கல்லால் கட்டிய பெட்டியும் செய்து பார்த்தார். தன்னிடம் வாங்காமல் வீட்டிலேயே செய்து கொள்பவர்களுக்கும் தொழிலைச் சொல்லிக் கொடுத்த வியாபாரி அவர்.

அடுத்தவர் எட்கர் வில்ச்சர். இவர் நம்மைப் போல ஓர் ஆசிரியர். படித்தது கலை வரலாறு. இரண்டாம் உலகப் போரில் இராணுவத்தில் மின்னணுக் கருவிகளைப் பராமரித்தார். பிறகு நியூயோர்க்கில் ரேடியோ திருத்தும் கடை வைத்தார், நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் ஒலி பற்றி வகுப்பும் எடுத்தார். அந்தக் காலத்தில் நல்ல பேஸ் வேண்டுமென்றால் அலுமாரி அளவு பெட்டி வேண்டும். வில்ச்சர் வேறு மாதிரி யோசித்தார். கூம்பை இழுத்துப் பிடிக்கும் விறைப்பான விளிம்புதான் ஒலியைக் கெடுக்கிறது. அதைத் தளர்த்திவிட்டு, காற்றுப் புகாத சின்னப் பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே சுருளி போல வேலை செய்ய விட்டால் என்ன?

முதல் மாதிரியை வீட்டில்தான் செய்தார். கூம்பின் தளர்ந்த விளிம்பை மெத்தை உறைத் துணியில் தைத்துக் கொடுத்தவர் அவரது மனைவி. எண்ணத்தைப் பெரிய கம்பனிகளிடம் கொண்டு போனார். அவர்கள் எடுக்கவில்லை. கடைசியில் அவரது வகுப்பில் இருந்த ஹென்றி க்ளோஸ் என்ற இளைஞர் கைகொடுத்தார். இருவரும் சேர்ந்து 1954இல் அக்கூஸ்டிக் ரிசர்ச் என்ற கம்பனியைத் தொடங்கினார்கள். சின்னப் பெட்டியில் ஆழமான பேஸ் என்பது உலகத்துக்கு அப்படித்தான் வந்தது. அவரது காப்புரிமை நீதிமன்றத்தில் தோற்றபோது அவர் மேன்முறையீடு செய்யவில்லை. எல்லாரும் செய்து கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

அதுவரைக்கும் ஒரு குறை இருந்தது. துளை வைத்த பெட்டிக்கு எத்தனை லீற்றர், துளை எவ்வளவு நீளம் என்பதைப் பெரும்பாலும் வெட்டிப் பார்த்து, கேட்டுப் பார்த்துத்தான் தீர்மானித்தார்கள். அவுஸ்திரேலியப் பொறியியலாளர் நெவில் தீல் 1961இல் இதற்குக் கணக்கு எழுதினார். பத்து வருடம் வெளியுலகம் பெரிதாகக் கவனிக்கவில்லை. பிறகு சிட்னிப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த ரிச்சர்ட் ஸ்மோல் அதை விரித்து எழுதினார். 1970களில் இரண்டு பேரின் கட்டுரைகளும் எல்லாரும் வாசிக்கும் ஆய்விதழில் வந்தன. இன்று நல்ல ஸ்பீக்கர் எதை வாங்கினாலும் கூட வரும் தாளில் 'தீல்–ஸ்மோல்' எண்கள் இருக்கும். அவற்றை ஓர் இலவச மென்பொருளில் போட்டால் பெட்டியின் அளவு வந்துவிடும். கம்பனிக்கு மட்டும் தெரிந்த இரகசியம் அன்றோடு முடிந்தது.

என் மாணவன் செய்தது தரையில் நிற்கும் உயர்ந்த பெட்டி. அதிலும் அறிவு இருந்தது. உட்புறம் 20 சென்டிமீற்றர் அகலம், 30 ஆழம், 100 உயரம் என்றால் 60 லீற்றர் காற்று. தரையில் அது பிடிப்பதோ ஒரு கதிரையை விடக் குறைவான இடம். உச்சிக்குப் பக்கத்தில் வைக்கும் சின்ன ஸ்பீக்கர், உட்கார்ந்திருப்பவரின் காது மட்டத்துக்கு வரும். கனவளவுப் பாடத்தை இதை விட நன்றாக எப்படிக் கற்பிப்பது? அவன் செய்துகொண்டு வந்து கண்ணுக்கு முன்னால் வைத்தான். நான் பார்க்கவில்லை.

வில்ச்சரின் கதை இன்னும் முடியவில்லை. 1967இல் கம்பனியை விற்றுவிட்டு, கேட்கும் கருவி பற்றி ஆராயத் தொடங்கினார். பழைய கருவிகள் எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரிக் கூட்டின. பேச்சு கேட்கும் அளவுக்குக் கூட்டினால், கோப்பை விழும் சத்தம் காதைப் பிளக்கும். மெல்லிய ஒலியை அதிகமாகவும் பெரிய ஒலியைக் குறைவாகவும், தாழ்ந்த சுரத்துக்கு ஒரு மாதிரி உயர்ந்த சுரத்துக்கு இன்னொரு மாதிரியாகவும் கூட்டும் முறையை 1973இல் வெளியிட்டார். அதற்குக் காப்புரிமை எடுக்கவில்லை. இன்று எங்கட மூத்தம்மாமார் காதில் போடும் கருவிகள் பெரும்பாலும் அந்த வழியில்தான் வேலை செய்கின்றன. பேரப்பிள்ளையின் குரல் திரும்பக் கேட்டதும் அவர்கள் முகம் மலர்வதைப் பார்த்திருப்பீர்கள். அதன் பின்னால், மெத்தைத் துணியில் ஸ்பீக்கர் தைத்த ஒரு வீடு இருக்கிறது.

இந்த வருடம் தரம் பத்தில் ஒரு பிள்ளை, "சேர், ஸ்பீக்கர் பெட்டி அடிக்கலாமா?" என்று கேட்டான். இருவருமாக ஓடாவியிடம் போனோம். பலகை வெட்டும்போது முகமூடி போடச் சொன்னேன், மூலைகளில் காற்றுக் கசியாமல் பசை பூசச் சொன்னேன். மற்றதெல்லாம் அவனே செய்கிறான்.

பழைய மாணவனுக்குக் கோல் எடுத்து மன்னிப்புக் கேட்டேன். "அதை நான் மறந்துட்டேன் சேர்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து அவனே கேட்டான்: "அந்தப் பிள்ளைக்கு ஸ்பீக்கர் வாங்கியாச்சா? இல்லாட்டி நான் அனுப்புறேன்."

பெற்றோரே, உங்கள் பிள்ளை எதையாவது கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தால், ஏசுவதற்கு முன் பக்கத்தில் போய் ஐந்து நிமிடம் உட்காருங்கள். கண்காட்சிக்கும் இன்ஷா அல்லாஹ் எல்லாரும் வாருங்கள்.