கப்பலூர் லேத்து பட்டறையும் ராமநாதன் குஹாவும்

கப்பலூர் எங்க இருக்குன்னு கேக்குறவங்களுக்கு: மதுரையிலிருந்து திருமங்கலம் போற வழியில். டோல்கேட் உண்டு, தியாகராஜர் மில் உண்டு, சிட்கோ தொழிற்பேட்டை உண்டு. அந்தப் பேட்டையில் எங்கப்பாவுக்கு ஒரு லேத்து பட்டறை. ரெண்டு லேத்து, ஒரு டிரில்லிங் மெஷின், மூணு ஆள். மகன் நான் சாஃப்ட்வேர் எஞ்சினியர். கதை இந்த இடத்தில்தான் கெட்டது :-)

ரெண்டு வருஷம் முன்னாடி, அப்பா ஜாப் ஒர்க் செய்து கொடுக்கும் ஒரு கம்பெனி எல்லா ஆர்டரையும் ஆன்லைனுக்கு மாற்றியது. "என்னென்ன செய்வீங்கன்னு பதிஞ்சு வைங்க, அந்தப் பொருளுக்கு என்கொயரி வந்தா தானா உங்களுக்கு வரும்" என்றார்கள். பதிந்தது நான். பட்டியலில் 'ஸ்லீவ்' என்று இருந்ததை டிக் செய்தேன். படத்தைப் பார்த்தால் அப்பா கடைவது அதேதான். நாலு மாசம் ஒரு என்கொயரி வரவில்லை.

"என்னடா, கம்ப்யூட்டர்ல போட்டா வேலை தேடி வரும்னியே?"

"வரும்ப்பா, கொஞ்சம் பொறுங்க."

வரவில்லை. அப்பா ஒரு ஆளை நிறுத்தினார். அப்புறம் ஒருநாள் பக்கத்துப் பட்டறைக்காரர் டீக்கடையில், "நமக்கு புஷ் ஆர்டர் வாரத்துக்கு ரெண்டு வருதே" என்று சொன்னபோதுதான் தெரிந்தது. அதே பட்டியலில், பத்து வரி தள்ளி, 'புஷ்' என்று தனியாக ஒன்று இருந்திருக்கிறது. நான் டிக் செய்யாத அந்த ஒரு கட்டம்.

ஒரே பொருளுக்கு ரெண்டு பேர். மனுஷனுக்கு அது பிரச்சினையே இல்லை. மெஷினுக்கு அது ரெண்டு உலகம். இதைப் பற்றி யாராவது யோசித்திருக்கிறார்களா என்று தேடப் போய், நாற்பது வருஷமாக இதையே யோசித்துக்கொண்டிருக்கும் ஒருத்தர் கிடைத்தார். அவரும் மெக்கானிக்கல் படித்தவர், அதுவும் நம்ம சென்னை ஐஐடியில்! பெயர் ராமநாதன் வி. குஹா.

ஏஜென்ட் என்றால் என்ன?

முதலில் கொஞ்சம் முன்கதை. 1980-ல் ரீட் ஸ்மித் என்பவர் 'கான்ட்ராக்ட் நெட்' என்று ஒரு முறையை எழுதினார். பல கம்ப்யூட்டர் புரோகிராம்கள் சேர்ந்து ஒரு வேலையை முடிக்கணும். ஒன்று "இந்த வேலை இருக்கு" என்று அறிவிக்கும். மற்றவை தங்களால் எப்படி முடியும் என்று விலை சொல்லும். தோதானதுக்கு வேலை போகும். அதை வாங்கியவர் அதில் பாதியை இன்னொருத்தருக்கு விடலாம். அட, இது எங்க சிட்கோவில் தினமும் நடக்கிற ஜாப் ஒர்க் தானே! இப்படித் தானாக முடிவெடுத்துப் பேரம் பேசும் புரோகிராமுக்குத்தான் ஏஜென்ட் என்று பேர். பல ஏஜென்ட் சேர்ந்தால் மல்டி ஏஜென்ட் சிஸ்டம்.

90-களில் ஏஜென்ட்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கென்றே மொழிகள் உருவாக்கினார்கள். 1996-ல் ஃபிப்பா என்ற அமைப்பு சுவிட்சர்லாந்தில் தொடங்கி, 'கேட்கிறேன்', 'ஒப்புக்கொள்கிறேன்', 'மறுக்கிறேன்' என்று பேச்சுக்கெல்லாம் தரம் வகுத்தது. ஆனால் பேச்சுக்கு இலக்கணம் போட்டால் போதுமா? ஒருத்தர் புஷ் என்கிறார், இன்னொருத்தர் ஸ்லீவ் என்கிறார். இலக்கணப் பிழை இல்லாமல் ரெண்டு பேரும் வேறு வேறு விஷயம் பேசிக்கொண்டிருப்பார்கள்.

குஹா வந்த வழி

டக்ளஸ் லெனாட் 1984-ல் அமெரிக்காவின் ஆஸ்டினில் 'சைக்' என்று ஒரு திட்டம் ஆரம்பித்தார். மனுஷனுக்கு இருக்கும் பொது அறிவை ஒவ்வொரு வாக்கியமாக மெஷினுக்கு எழுதிக் கொடுப்பது. தண்ணீர் நனைக்கும், செத்தவர் திரும்ப மாட்டார், இந்த ரகம். குஹா 1987-ல் அதில் சேர்ந்து, லெனாடுக்கு அடுத்த ஆளாக இருந்து நடத்தினார்.

அங்கே அவருக்குப் பிடிபட்ட விஷயம்: ஒரு வாக்கியம் எல்லா இடத்திலும் உண்மையாக இருக்காது. 'கட்டிங்' என்று சொல்லிப் பாருங்கள். சலூனில் ஒன்று, தையல் கடையில் ஒன்று, எங்க பட்டறையில் ஒன்று, சாயங்காலம் டாஸ்மாக் வாசலில் வேறொன்று :-) எந்த இடத்துப் பேச்சு என்று சொல்லாமல் அர்த்தம் சொல்ல முடியாது. இந்த 'இடம்' என்பதைக் கணக்காக எழுதுவதுதான் 1991-ல் ஸ்டான்ஃபோர்டில் அவர் கொடுத்த முனைவர் பட்ட ஆய்வு. வழிகாட்டி யார் தெரியுமா? செயற்கை நுண்ணறிவு என்ற துறைக்கே பேர் வைத்த ஜான் மெக்கார்த்தி.

1994-ல் சைக்கை விட்டு வெளியே வந்தார். எல்லா அறிவையும் ஒரு கூட்டம் உட்கார்ந்து தட்டச்சு செய்து முடியாது. ஊரே எழுதுகிற இணையத்தில், எழுதுகிறவர்களே சீட்டு ஒட்டினால்? ஆப்பிளில் இருந்தபோது இதற்காக எம்சிஎஃப் என்ற வடிவத்தைச் செய்தார். 1997-ல் நெட்ஸ்கேப்புக்குப் போனபின், டிம் பிரேயோடு சேர்ந்து அதை எக்ஸ்எம்எல்லுக்கு மாற்றினார். அதிலிருந்து பிறந்ததுதான் ஆர்டிஎஃப், 1999 பிப்ரவரியில் இணையத் தரமானது. பெரிய வித்தை இல்லை. எழுவாய், பயனிலை, செயப்படுபொருள். 'அப்பா பட்டறை, செய்கிறது, புஷ்.' எல்லாத் தகவலையும் இப்படி மூணு மூணு துண்டாக எழுதுவது. நமக்கு ஆறாம் கிளாஸிலேயே சொல்லிக் கொடுத்தது!

அடுத்த மாதமே, 1999 மார்ச்சில், நெட்ஸ்கேப்பில் டான் லிபியும் குஹாவும் சேர்ந்து ஆர்எஸ்எஸ்ஸின் முதல் பதிப்பைக் கொண்டுவந்தார்கள். ஆர்எஸ்எஸ் இல்லாமல் திரட்டிகள் இல்லை. 2004-ல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம், நூற்றுக்கணக்கான வலைப்பதிவுகளின் செய்தியோடையை இழுத்து ஒரே பக்கத்தில் வைத்தது இப்படித்தான். நான் அப்போது டவுசர் போட்ட பையன். பெரியப்பா மகன் பிரவுசிங் சென்டரில் அதைத் திறந்து வைத்துச் சிரித்துக்கொண்டிருப்பான், நான் எட்டி எட்டிப் பார்ப்பேன். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு சென்னை ஐஐடிக்காரர் இருந்தார் என்பது எனக்கு இப்போதுதான் தெரியும்.

கனவும் அடியும்

2001 மே மாதம் டிம் பெர்னர்ஸ்-லீ, ஜேம்ஸ் ஹெண்ட்லர், ஓரா லாசிலா மூவரும் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் ஒரு கனவு எழுதினார்கள். பீட், லூசி என்று அண்ணன் தங்கை. அம்மாவுக்குத் தொடர்ச்சியாக பிசியோதெரபி வேண்டும். லூசியின் ஏஜென்ட் டாக்டரின் ஏஜென்டிடம் பேசி, இன்சூரன்ஸ் பார்த்து, இருபது மைலுக்குள் நல்ல பேர் உள்ள இடமாகத் தேடி, ரெண்டு பேருக்கும் ஒத்துவரும் நேரத்தைக் குறித்துக் கொடுக்கும். இதற்குத்தான் செமான்டிக் வெப் என்று பேர்.

நடந்ததா? இல்லை. அதே 2001-ல் கோரி டாக்டரோ எனும் எழுத்தாளர் கிண்டலாக ஒரு கட்டுரை போட்டார். சாரம் இதுதான்: ஜனங்கள் பொய் சொல்வார்கள், சோம்பேறிகள், தப்பாக எழுதுவார்கள், இவர்களை நம்பியா சீட்டு ஒட்டச் சொல்கிறீர்கள்? நான் ஸ்லீவில் டிக் அடித்த கதையைப் படித்துவிட்டு எழுதினது மாதிரியே இருக்கும்.

குஹா இதற்குக் கொடுத்த பதில்தான் எனக்குப் பிடித்தது. 2005-ல் கூகிள் போனவர், 2011 ஜூனில் கூகிள், பிங், யாஹூ மூன்றையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்த ஸ்கீமா.ஆர்க் முயற்சிக்கு முன்னின்றார். எல்லோரும் ஏற்கும் ஒரு சின்னச் சொல்பட்டியல். ஒட்டினால் உடனே லாபம்: தேடலில் உங்கள் கடைக்கு நட்சத்திரம் தெரியும், திறக்கும் நேரம் தெரியும். தத்துவம் பேசவில்லை, யாவாரம் பேசினார். 2015 டிசம்பரில் வெளியான கணக்குப்படி, ஆயிரம் கோடிப் பக்கங்களை எடுத்துப் பார்த்தபோது 31.3 சதவீதப் பக்கங்களில் அந்தச் சீட்டு இருந்தது.

இப்போது?

இப்போதுதான் மொழி மாதிரிகள் வந்துவிட்டனவே, புஷ்ஷும் ஸ்லீவும் ஒன்றுதான் என்று அதுவே ஊகித்துவிடுமே, சீட்டு எதற்கு என்று என் ஆபீஸ் நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. குஹா பிறகு மைக்ரோசாஃப்டுக்குப் போனார். 2025 மே மாதம் அவர் அறிமுகப்படுத்திய என்எல்வெப், மொழி மாதிரியையும் பழைய ஸ்கீமா சீட்டுகளையும் சேர்த்தே வைத்து ஓடுகிறது. கேட்பது சாதாரண மனுஷப் பேச்சாக இருக்கலாம், ஏஜென்டாகவும் இருக்கலாம். பதில் சீட்டில் எழுதியதிலிருந்து வரும்.

நண்பனுக்கு நான் சொன்ன பதில் அப்பாவிடமிருந்து வந்தது. "பேரை உத்தேசமா புரிஞ்சுக்கிட்டா சரிதான்டா. சைஸை உத்தேசமா புரிஞ்சுக்கிட்டா மால் ரிஜெக்ட்டு." உள்விட்டம் 25 மில்லிமீட்டர் ஹெச்7 என்றால் மேலே 21 மைக்ரான் வரைதான் போகலாம், கீழே துளிகூடக் கூடாது. அதை ஊகிக்க முடியாது, யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும். எழுதவே இல்லாத பட்டறையை எந்த ஏஜென்டும் தேடிக் கண்டுபிடிக்காது. கப்பலூரில் முக்கால்வாசித் தகவல் டீக்கடையில்தான் இருக்கிறது.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, செய்கிற ஒவ்வொரு பொருளுக்கும் எத்தனை பேர் உண்டு என்று கேட்டு எழுதினேன். புஷ்ஷுக்கு மட்டும் நாலு பேர் வந்தது. ஸ்கீமா சீட்டு ஒட்டிப் பட்டறைக்கு ஒரு பக்கமும் போட்டாச்சு. என்கொயரி புஷ்ஷை டிக் செய்த வாரத்திலிருந்தே வருகிறது.

நிறுத்தின ஆளைத் திரும்பக் கூப்பிட்டார் அப்பா. அவர் அதற்குள் வேற பட்டறையில் சேர்ந்துவிட்டார். அந்த நாலு மாசத்தை நான் எந்தச் சீட்டில் எழுதுவது?

டிஸ்கி: உங்க ஊரில் புஷ்ஷுக்கு வேற பேர் இருந்தால் சொல்லுங்க மக்களே, ஐந்தாவதாகச் சேர்த்துக்கொள்கிறேன்.