வன்னியில் வானொலியும் இரைச்சலும்

வானொலியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஒலிபரப்பு நிலையங்களின் வரலாற்றையே எழுதுவர். எட்வேட் ஹாப்பர் என்னும் பொறியியலாளரின் முயற்சியால் 1925ஆம் ஆண்டு கொழும்பில் முறையான ஒலிபரப்புத் தொடங்கியமை பலரும் அறிந்ததே. ஆயின், கேட்போர் பக்கத்திலும் ஒரு வரலாறு உண்டு. வன்னிப் பெருநிலம் அதற்குத் தக்க சான்றாகும்.

1990ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டபின், வவுனியாவுக்கு வடக்கே கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகள் பொருளாதாரத் தடைக்கு உட்பட்டன. மின்விநியோகம் நின்றது, உலர் மின்கலங்களும் தடைப்பொருள்களுள் அடங்கின. அந்நிலையில் மக்கள் துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோ தரும் மின்னால் வானொலியை இயக்கினர். எங்கே போர் நடக்கின்றது, எவ்வழி செல்லலாம் என்பவற்றை அறிதற்கு வானொலிச் செய்தியே பெருந்துணையாயிற்று. ஆதலின், ஒரு சொல் இரைச்சலில் மறைவது சிறு குறையன்று.

இரைச்சல் இருவகைத்து. முதலாவது, மின்வழங்கலிற் பிறப்பது. டைனமோ தருவது ஏறக்குறைய 6 வோல்ற்று ஆடலோட்டம். வானொலிக்கு வேண்டுவதோ நேரோட்டம். நான்கு இருவாயிகளை இணைத்தால் ஓட்டம் ஒரே திசையிற் செல்லும். ஆயினும் அதன் ஏற்றத்தாழ்வு எஞ்சி, உறுமலாய்க் கேட்கும். பெரிய கொள்ளளவி ஒன்றைக் குறுக்கே இணைத்தால், அஃது உச்சத்தில் மின்னைச் சேமித்துத் தாழ்வில் வழங்கும், உறுமல் அடங்கும். மிதியையும் சீராகச் சுழற்றல் வேண்டும். வேகம் தளர்ந்தால் ஒலி மங்கும். மிகுந்தால் மின்னழுத்தம் ஏறி வானொலியே பழுதாகும்.

இரண்டாவது, ஏரியல் வழிப் புகுவது. இருவாயிகளில் எழும் நுண்ணிய மின்காந்த அதிர்வுகளை, அவற்றின் குறுக்கே இணைக்கும் சிறு கொள்ளளவிகள் தணிக்கும். சிற்றலைக்குரிய கம்பியை டைனமோவிலிருந்து விலக்கிக் கட்டலும் நன்று. மத்திய அலையைப் பற்றும் பெரைற்றுக் கோல் திசையுணர்வுடையது. பெட்டியைச் சிறிது திருப்பியே வேண்டாத ஒலியைக் குறைக்கலாம். மாரிகால இடிமின்னலின் இரைச்சலுக்கோ முழுமருந்தில்லை.

இத்தகைய தேவை பிறநாட்டிலும் எழுந்ததுண்டு. 1944இல் இத்தாலியின் அன்சியோவில் அமெரிக்கப் போர்வீரர் சவர அலகைக் கொண்டு, மின்கலமே வேண்டாத வானொலிகளை அமைத்தனர். அச்செய்தி நூலேறிற்று, வன்னியின் செய்தியோ பெரும்பாலும் நினைவளவில் நிற்கின்றது.

2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்த உடன்படிக்கையின்பின் தடை தளர்ந்தது, மின்கலங்கள் வந்தன, டைனமோக்கள் மீண்டும் வண்டி விளக்குக்கே உரியவாயின. அவற்றைச் சுழற்றிய கைகள் இன்னும் நம்மிடையே உள. அவர்களைக் கேட்டு, கண்ட முறைகளைப் பதிந்து வைத்தல் பௌதிகம் பயிலும் மாணவர்க்கும் வரலாறு பயிலும் மாணவர்க்கும் ஒருங்கே உரிய கடனாம்.