நெஞ்சு நெரிப்பு (ஆஞ்ஜைனா)

இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் கரோனரி தமனிகள் குறுகி, தேவையான அளவு ரத்தம் கிடைக்காதபோது உண்டாகும் மார்பு வலி. நடக்கையில், மேடேறுகையில், உண்டபின் உழைக்கையில் தோன்றும். நின்றால் பெரும்பாலும் தணியும்.

பண்டைய சான்றுகள் குறைவு. ரோமானியத் தத்துவஞானி செனெக்கா தன் கடிதமொன்றில் வர்ணித்த நோய் இதுவே என்பாரும், ஆஸ்துமா என்பாரும் உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் இறந்த ஒருவருக்கு இருந்த மார்பு வலியை அவருடைய மகனான கிளாரெண்டன் பிரபு எழுதிவைத்திருக்கிறார்.

நோய்க்குப் பெயரும் உருவமும் கொடுத்தவர் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன். 1768 ஜூலையில் மருத்துவர்களின் ராயல் கல்லூரியில் அவர் படித்த கட்டுரை 1772-இல் அச்சேறியது. அதே 1768-இல் பிரான்சின் பெசான்சோன் நகரப் பேராசிரியர் ரூன்யோன் ஒரு படைத்தலைவரின் மரணம் பற்றிக் கடிதம் வெளியிட்டார். முதன்மை யாருக்கு என்ற வழக்கு அதனால் நீடிக்கிறது. ரூன்யோன் கண்டது இதே நோய்தானா என்று பலர் ஐயுறுகின்றனர்.

ஹெபர்டனின் வலிமை நோயாளி சொன்னதைச் சொன்னபடி கேட்டதில் இருந்தது. வலி இடது கைக்குப் பரவுவதையும், தூக்கத்தில் எழுப்புவதையும் அவர் குறித்தார். நாள்தோறும் அரைமணி நேரம் மரம் அறுத்துவந்த ஒருவர் ஏறக்குறையக் குணமானதையும் பதிவு செய்தார். உடற்பயிற்சியின் பயன் இன்று அறியப்பட்டிருக்கும் நிலையில், அந்த ஒற்றை வரி வியப்பூட்டுகிறது. காரணம் எதுவென்று அவர் அறியவில்லை. ஓய்வும் மதுவும் இரவில் அபினும் பரிந்துரைத்தார். பின்னாளில், தாம் கண்ட ஏறத்தாழ நூறு பேரில் பெண்கள் மூவரே என்றும் எழுதினார்.

கட்டுரை பற்றி இதழொன்றில் படித்த ஒருவர், தனக்கும் இதே நோய் என்று பெயர் குறிப்பிடாமல் ஹெபர்டனுக்கு எழுதினார். தான் திடீரென இறந்தால் உடலை அறுத்துப் பார்க்குமாறும் கேட்டுக்கொண்டார். மூன்று வாரங்களுக்குள் இறந்தார். அறுத்துப் பார்த்தவர் புகழ்பெற்ற அறுவை வல்லுநர் ஜான் ஹண்டர். தெளிவான காரணம் எதுவும் அகப்படவில்லை. கரோனரி தமனிகளை அப்போது கூர்ந்து நோக்கவில்லை எனக் கருதப்படுகிறது. ஹண்டரின் மாணவர் எட்வர்ட் ஜென்னர் உடனிருந்தார் என்பர். இதில் கருத்தொற்றுமை இல்லை.

வேறொரு உடலின் இதயத்தை அறுத்தபோது ஜென்னரின் கத்தி கரகரப்பான பொருளொன்றில் மோதியது. கூரைக் காரை விழுந்ததோ என்று மேலே பார்த்தார். கத்தி பட்டது எலும்புபோல் இறுகிய கரோனரி தமனியில். தமனிகளே காரணம் என ஜென்னர் ஐயுற்றார். ஆனால் அதற்குள் ஹண்டருக்கே இந்நோய் வந்திருந்தது. ஆசிரியரைக் கலங்கடிக்க மனமின்றி அவர் வெளியிடாமல் இருந்தார். 1793 அக்டோபர் 16-இல், செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனைக் கூட்டத்தில் எழுந்த வாக்குவாதத்தின்போது ஹண்டர் இறந்தார்; அவருடைய தமனிகளும் இறுகியிருந்தன. ஜென்னரின் கருத்தை 1799-இல் காலெப் பாரி தம் நூலில் வெளியிட்டார். 1809-இல் கிளாஸ்கோவின் ஆலன் பர்ன்ஸ், கட்டுப்போட்ட கை வேலை செய்தால் விரைவில் சோர்வதுபோல, ரத்தம் குறைந்த இதயமும் உழைப்பில் தளர்கிறது என்று விளக்கினார்.

1867-இல் லாடர் பிரன்டன் அமைல் நைட்ரைட்டை முகரச் செய்து வலியைத் தணித்தார். 1879-இல் வில்லியம் மரல், நாவில் வைத்துத் தம்மீதே சோதித்திருந்த நைட்ரோகிளிசரினைப் பரிந்துரைத்தார். டைனமைட் கண்ட ஆல்ஃபிரட் நோபலுக்கும் 1896-இல் அதே மருந்து எழுதிக்கொடுக்கப்பட்டது.

இருபதாம் நூற்றாண்டில் 1912-இல் ஹெரிக், கரோனரி அடைப்பு ஏற்பட்ட பின்னும் நோயாளி உயிர்வாழ முடியும் என்றார். 1967-இல் கிளீவ்லாந்தில் ஃபாவலோரோ பைபாஸ் அறுவையை முறைப்படுத்தினார். 1977 செப்டம்பரில் சூரிச்சில் குருன்ட்சிக் பலூனால் தமனியை விரித்தார்.

நிலையான நெஞ்சு நெரிப்பில், விரித்த தமனியைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் குழாய் எவ்வளவு உதவும் என்பது முடிவாகவில்லை. 2007-இல் வெளியான கரேஜ் ஆய்வில், நல்ல மருந்துச் சிகிச்சையோடு ஸ்டென்டும் சேர்த்ததால் மரணமும் மாரடைப்பும் குறையவில்லை. வலி தணிவதில் அதன் பயன் குறித்து, 2017-இலும் 2023-இலும் வெளியான இரு ஆர்பிட்டா ஆய்வுகள் வேறுபட்ட முடிவுகளைத் தந்தன.