அளவுக்கு மிஞ்சிய அமுது

ஜெராய் மலையின் அடிவாரத்தில், மெர்போக் ஆறு கடலொடு கலக்கும் பகுதியில், பண்டைக் கடாரம் செழித்திருந்தது. 1025ஆம் ஆண்டில் இராசேந்திர சோழனின் கப்பற்படை கடாரத்தை வென்ற செய்தியைத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டு பறைசாற்றுகின்றது. மன்னர் வரலாற்றைக் கல் கூறும். ஆற்றின் வரலாற்றைக் கூறுவது எது? அடிச்சேற்றில் வாழும் நத்தை, நண்டு, சிப்பி, புழு முதலிய முதுகெலும்பற்ற சிற்றுயிர்களே அதனைக் கூறுவன.

ஆற்றுநீர் வெறும் நீரன்று. உதிர்ந்த இலையும் மட்கிய மரமும் அதிற் கரைந்து, தேநீர்போல் நிறமேற்றுகின்றன. இதனைக் கரைந்த கரிமப்பொருள் என்பர். மெர்போக் கழிமுகத்தின் அலையாத்திக் காடுகளில் உதிரும் இலைகளை நண்டுகள் வளைக்குள் இழுத்துச் சென்று உண்கின்றன. எஞ்சியவை கரைந்து நுண்ணுயிர்களுக்கு உணவாக, அந்நுண்ணுயிர்கள் புழுவுக்கும் சிப்பிக்கும் உணவாகின்றன. அளவோடு இருக்கும்வரை அது அமுதே.

அவ்வளவு பிறழ்ந்த காலம் இருபதாம் நூற்றாண்டில் தொடங்கியது. சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரங்களில் காடுகள் அழிந்து ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. தமிழகத்திலிருந்து தொழிலாளர் வந்து குவிந்தனர். ஆலையில் ரப்பர்ப் பாலைப் பார்மிக் அமிலத்தால் உறையச் செய்து கட்டியை எடுத்தபின் எஞ்சும் நீரில் சர்க்கரையும் புரதமும் கரைந்திருக்கும். அந்நீர் ஓடைகளில் கலந்தது. பின்னர்ச் செம்பனை ஆலைகளும் பெருகின. அவற்றின் கழிவுநீர் ஒரு லிட்டர் சிதைவதற்கு ஏறத்தாழ 25,000 மில்லிகிராம் உயிர்வளி வேண்டும். இது வீட்டுச் சாக்கடை நீரினும் ஏறக்குறைய நூறு மடங்காகும்.

இதனால் நேர்வது யாது? கரைந்த உணவைக் கண்ட நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கிற் பெருகி, நீரிலுள்ள உயிர்வளியைக் குடித்து விடுகின்றன. பஞ்சம் முதலில் அடித்தளத்தைத் தாக்குகின்றது. சேறு கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் எழுகின்றது. தெளிந்த ஓடைக் கற்களில் ஒட்டி வாழும் பூச்சிகளின் இளவுயிர்கள் முதலில் மறைகின்றன. உடலிற் குருதிநிறமி கொண்ட செம்புழுக்கள் மட்டும் எஞ்சிப் பெருகுகின்றன. பலவகை உயிர் வாழ்ந்த இடத்தில் ஓரிரு வகையே மிஞ்சுகின்றது.

ஓடாத நீரிலோ தீங்கு வேறு வழியிலும் வரும். பழுப்பேறிய ஏரிநீர் ஒளியை மறைக்க, அடித்தளப் பாசி குன்றுகின்றது. பாசியை மேயும் உயிர்கள் பசியால் வாடுகின்றன. சுவீடன் ஏரிகளைப் பற்றி 2009இல் வெளிவந்த ஆய்வு, அங்கே உயிர்வளத்தைக் கட்டுப்படுத்துவது ஒளியின் குறைவே என்று காட்டிற்று.

அடித்தள உயிர்களைச் சாட்சியாக நிறுத்தும் முறை புதியதன்று. ஜெர்மானிய அறிஞர்களான கோல்க்விட்சும் மார்சனும், எவ்வளவு கழிவில் எவ்வுயிர் வாழும் என்று 1908, 1909ஆம் ஆண்டுகளில் பட்டியலிட்டனர். மலேசியாவிலோ சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1974இல்தான் பிறந்தது. செம்பனை ஆலைகளுக்கான விதிகள் 1977இலும், ரப்பர் ஆலைகளுக்கானவை 1978இலும் வந்தன. செம்பனைக் கழிவுநீருக்கு 1978இல் 5,000 மில்லிகிராம் என வகுக்கப்பட்ட வரம்பு, படிப்படியாகக் குறைந்து 1984இல் 100 ஆயிற்று. ஆற்றில் நுண்ணுயிர்கள் செய்த வேலையை ஆலையின் கழிவுக் குளங்களிலேயே செய்யவைத்ததனால் இது கைகூடியது.

ஆயினும் சட்டம் வருமுன் கழிந்த காலம் நெடியது. பாலை உறைய வைத்துக் கூலி பெற்ற கைகளே அவ்வோடையில் துணி துவைத்தன. அங்கே நத்தையும் மீனும் தேடின. அவர்தம் இழப்பு எந்த ஆலைக் கணக்கேட்டிலும் ஏறியதில்லை. ஓடையின் அடியில் மட்டுமே அது எழுதப்பட்டது.

அளவுக்கு மிஞ்சினால் அமுதும் நஞ்சு என்பது முதியோர் மொழி. கடாரத்தின் பழம்பெருமையைப் படிக்கும் மாணவர், பள்ளிக்கருகே ஓடும் ஓடையின் கல்லொன்றையும் புரட்டிப் பார்த்தல் வேண்டும். அதனடியில் பலவகை உயிர் ஊருமாயின் ஆறு நலமாயுள்ளது. செம்புழு மட்டும் நெளியுமாயின், வரலாறு இன்னும் முடியவில்லை என்பது பொருள்.