முயலின் ஈரல்

ஃபிரான்செஸ் கெல்சியைப் பற்றிப் பேசுகிறவர்கள் தாலிடோமைடில்தான் தொடங்குவார்கள். நான் முயலில் தொடங்குகிறேன்.

இரண்டாம் உலகப் போர்க் காலம். சிகாகோ பல்கலைக்கழகத்தில் மலேரியாவுக்கு மருந்து தேடிக்கொண்டிருந்தார்கள். கெல்சியும் அவருடைய கணவரும் முயலுக்குக் கொய்னா கொடுத்துப் பார்த்தார்கள். முயலின் ஈரல் அதை மளமளவென்று உடைத்துத் தள்ளியது. சினை முயலால் அவ்வளவு முடியவில்லை. வயிற்றிலிருந்த குட்டியால் சுத்தமாக முடியவில்லை. ஒரே மருந்துதான், உடல் மாறினால் கணக்கு மாறிவிடுகிறது.

1960ல் கெல்சி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தில் சேர்கிறார். மேசைக்கு வந்த முதல் விண்ணப்பம் தாலிடோமைடு. 1957லிருந்து ஜெர்மனியில் மிட்டாய் மாதிரி விற்றுக்கொண்டிருந்த தூக்க மாத்திரை. இதைச் சாப்பிட்ட சிலருக்குக் கைகால் நரம்பு மரத்துப்போகிறது என்று ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் கடிதம் வந்திருந்தது. பெரியவர்களுக்கே இப்படியென்றால் கருவுக்கு என்ன ஆகும்? பழைய முயல் அவருக்கு ஞாபகம் இருந்தது. கம்பெனி எவ்வளவோ நெருக்கியும் கையெழுத்துப் போடவில்லை. உலகம் முழுக்கச் சுமார் 10,000 குழந்தைகள் கைகால் குறையோடு பிறந்தபோது, அமெரிக்கா பெருமளவு தப்பித்தது.

இதுவரை எல்லாருக்கும் தெரிந்த கதை. எனக்கு உறுத்துவது அதற்குப் பிறகு நடந்தது. கெல்சி கேட்டது, கர்ப்பிணி உடலில் இந்த மருந்து என்ன செய்கிறது, பார்த்தீர்களா என்பதை. மருந்துலகம் அதைக் கர்ப்பிணி பக்கமே போகாதே என்று புரிந்துகொண்டது. 1977ல் அதே நிர்வாகம், பிள்ளைபெறும் வயதுப் பெண்களை ஆரம்பக்கட்ட மருந்துச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்று வழிகாட்டுதலே வெளியிட்டது. 1979ல் மாத்திரைகளுக்கு ஏ, பி, சி, டி, எக்ஸ் என்று கர்ப்பகால எழுத்துகள் வந்தன. ரேங்க் கார்டு மாதிரி. அதில் எங்கேயும் டோஸ் பற்றிப் பேச்சே கிடையாது.

மனச்சோர்வு மாத்திரையும் தாலிடோமைடின் வயசுதான். இமிப்ரமின் மனச்சோர்வைத் தணிக்கிறது என்று சுவிட்சர்லாந்தின் ரோலண்ட் கூன் அறிவித்ததும் 1957ல்தான். 1987 கடைசியில் ஃபுளுஆக்ஸெட்டின் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சாப்பிட்டவர்களில் ஏராளமானவர்கள் இளம்பெண்கள். அவர்களில் சிலர் கர்ப்பமாகத்தானே செய்வார்கள்? சோதனையில் இடமில்லாதவர்கள் கிளினிக்கில் வந்து நின்றார்கள்.

கர்ப்பத்தில் என்ன நடக்கிறது? ரத்தத்தின் நீர்ப்பகுதி கிட்டத்தட்டப் பாதியளவு கூடுகிறது. சிறுநீரகம் இன்னும் வேகமாக வடிகட்டுகிறது. ஈரல் நொதிகளில் 2டி6 போன்ற சில சுறுசுறுப்பாகின்றன, 2சி19 போன்ற சில மந்தமாகின்றன. இந்த 2டி6க்கு ஒரு குட்டிக்கதை உண்டு. 1975ல் லண்டனில் ராபர்ட் ஸ்மித் என்ற ஆய்வாளர் டெப்ரிசோக்வின் என்ற ரத்தஅழுத்த மருந்தைத் தானே விழுங்கிப் பார்த்தார். கூடச் சாப்பிட்ட சகாக்கள் நன்றாக இருக்க, இவருக்கு மட்டும் அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போனது. அந்த மருந்தை உடைக்கும் நொதி அவரிடம் வேலை செய்யவில்லை. அப்படித்தான் அந்த நொதி கண்ணில் பட்டது.

ஆக, நொதி வேகமானால் அதே மாத்திரைக்கு ரத்தத்தில் மருந்து குறையும். 1993ல் கேத்தரின் விஸ்னரும் சகாக்களும் பழைய ட்ரைசைக்ளிக் மருந்துகளைச் சாப்பிட்ட சில கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து எழுதினார்கள். கடைசி மூன்று மாதங்களில் தேவைப்பட்ட டோஸ், சாதாரண நேரத்தைவிடச் சராசரியாக 1.6 மடங்கு. 1977 வழிகாட்டுதல் திரும்பப் பெறப்பட்டதும் அதே 1993ல்தான்.

1.6 மடங்கு என்றால் என்னவென்று யோசித்துப் பாருங்கள். ஒருத்தி ஏழாம் மாதத்தில் தூக்கமில்லாமல், காரணமில்லாமல் அழுகிறாள். மாத்திரையை ஒருநாளும் தவறவிட்டதில்லை. எந்த ஊர் டாக்டரும் எந்த ஊர் மாமியாரும் சொல்லக்கூடிய பதில்: மாசமா இருக்கிறப்ப அப்படித்தாம்மா இருக்கும். மாறியை மாறிலி என்று எழுதிவைத்துவிட்டு, பிழை வந்ததும் பயனாளரைக் குறைசொல்வது எங்கள் மென்பொருள் தொழிலிலும் சகஜம்தான். ஆனால் அங்கே யாரும் சாவதில்லை.

பிள்ளைக்காகப் பாதி மாத்திரை என்ற சமரசமும் நினைக்கிற அளவு நல்லதில்லை. 2003ல் வந்த ஓர் ஆய்வில், தாயின் ரத்தத்தில் 100 பங்கு இருந்தால் தொப்புள்கொடி ரத்தத்தில், மருந்தைப் பொறுத்து, சராசரியாக 29 முதல் 89 பங்கு வரை இருந்தது. பிள்ளைக்கு மருந்தும் போகும், தாயின் நோயும் போகும். இரண்டிலும் அரைகுறை. 2006ல் லீ கோஹனின் குழு, கர்ப்பத்தில் மாத்திரையை நிறுத்தியவர்களில் 68 சதவீதம் பேருக்கும், தொடர்ந்தவர்களில் 26 சதவீதம் பேருக்கும் மனச்சோர்வு திரும்பியதைக் கண்டது. சிறப்பு மையங்களைத் தேடி வந்தவர்கள் என்பதால் நோய் கடுமையானவர்கள் அவர்கள். எல்லாருக்கும் இந்த எண்ணைப் பொருத்த முடியாது.

சரி, அப்போ எல்லாருக்கும் டோஸைக் கூட்டிவிடலாமா? அதுவும் இல்லை. பராக்ஸெட்டினை எடுத்துக்கொண்டால், 2டி6 நன்றாக வேலை செய்யும் பெண்களிடம் கர்ப்பத்தில் அதன் அளவு இறங்குகிறது. அந்த நொதி பலவீனமானவர்களிடம் ஏறுகிறது. போதாக்குறைக்கு, குழந்தையின் இதயக் குறைபாடு குறித்த கவலையில் 2005ல் அது சி எழுத்திலிருந்து டிக்கு இறக்கப்பட்டது. பிரசவம் முடிந்தால் ஈரல் பழைய வேகத்துக்குத் திரும்பும். கூட்டிய டோஸை அப்போது மறுபடி பார்க்க வேண்டும். ஆளுக்கு ஆள், மாதத்துக்கு மாதம் அளந்து பார்ப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

2015 ஜூன் 30ல் அந்த ஐந்து எழுத்துகளும் ஒழிந்தன. புதிய மருந்துக் குறிப்பில், கர்ப்பத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் டோஸை எப்படி மாற்றுவது என்று எழுத ஓர் இடம் ஒதுக்கப்பட்டது. அதே ஆகஸ்ட் 7ல், 101 வயதில், கெல்சி காலமானார்.