படகில் எரிபொருள் நிரப்பும்போது சிந்தும் துளிகள்: நீர்நிலைகளைக் காக்கும் எளிய வழிமுறைகள்

கடலில் கப்பல் மூழ்கி எண்ணெய் பரவினால் அது நாடெங்கும் செய்தியாகிறது. படகுத்துறையில் எரிபொருள் நிரப்பும்போது கேனின் வாயிலிருந்து வழியும் அரைக் குவளை டீசலை எவரும் கணக்கில் கொள்வதில்லை. கேரளத்தின் காயல்கள், கோவாவின் ஆற்று முகத்துவாரங்கள், மலைவாசத் தலங்களின் ஏரிகள் என உல்லாசப் படகுகள் இயங்கும் இடங்களில் எல்லாம் இத்தகைய சிறு கசிவுகள் நேரக்கூடியவை. நீரில் விழுந்த எரிபொருளைத் திரும்ப எடுப்பது ஏறத்தாழ இயலாத செயல். ஆனால், அதைத் தடுப்பதற்குச் சில நிமிடக் கவனமும் ஒரு உறிஞ்சு துணியும் போதுமானவை.

ஒரு லிட்டர் எவ்வளவு தூரம் பரவும்?

எரிபொருள் நீரைவிட அடர்த்தி குறைந்தது. ஆகையால் அது மூழ்காமல் மேற்பரப்பில் மிக மெல்லிய படலமாகப் பரவுகிறது. எண்ணெய்க் கசிவை நிறத்தைக் கொண்டு மதிப்பிடும் சர்வதேச அளவுகோலின்படி, வெள்ளி நிறத்தில் மின்னும் படலத்தின் தடிமன் 0.04 முதல் 0.3 மைக்ரான் வரை இருக்கும். வானவில் நிறங்கள் தெரியும் படலத்தின் தடிமன் 0.3 மைக்ரானில் தொடங்குகிறது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இந்தக் கணக்கின்படி ஒரு லிட்டர் டீசல் 0.3 மைக்ரான் தடிமனில் பரவினால் சுமார் 3,300 சதுர மீட்டர் பரப்பை, அதாவது முக்கால் ஏக்கருக்கும் மேற்பட்ட நீர்ப்பரப்பை மூடிவிடும்.

சிறு அளவுகள் சேரும்போது பெரிதாகின்றன. எடுத்துக்காட்டாக, ஒரு நீர்நிலையில் 200 படகுகள் வாரம் ஒருமுறை எரிபொருள் நிரப்புவதாகவும், ஒவ்வொரு முறையும் 50 மில்லிலிட்டர் மட்டுமே சிந்துவதாகவும் கொள்வோம். ஒரு வாரத்தில் 10 லிட்டர், ஓர் ஆண்டில் 520 லிட்டர் நீரில் கலந்துவிடும். இதே அளவு ஒரே நாளில் கொட்டியிருந்தால் அது விபத்தாகப் பதிவு செய்யப்பட்டிருக்கும்.

பெட்ரோல் விரைவில் ஆவியாகிவிடும் என்பது உண்மையே. எனினும், அதிலுள்ள பென்சீன் போன்ற நச்சுச் சேர்மங்களில் ஒரு பகுதி அதற்குள் நீரில் கரைகிறது. டீசல் மெதுவாகவே ஆவியாகும். அதன் எச்சம் கரையோரச் செடிகளிலும் சேற்றிலும் ஒட்டிக்கொள்கிறது. மீன்களின் முட்டைகளும் குஞ்சுகளும் இதனால் எளிதில் பாதிக்கப்படுகின்றன. எண்ணெயிலுள்ள பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் மீன் கருவின் இதய வளர்ச்சியைக் குலைப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. நீர்ப்பறவைகளின் இறகில் எண்ணெய் பட்டால், உடலை நனையாமல் காக்கும் தன்மையை இறகு இழந்துவிடுகிறது.

வேம்பநாடு காயலின் நிலை

கேரளத்தின் ஆலப்புழை, கோட்டயம், எர்ணாகுளம் மாவட்டங்களைத் தொட்டுக் கிடக்கும் வேம்பநாடு காயல், படகு வீட்டுச் சுற்றுலாவுக்குப் பெயர் பெற்றது. வேம்பநாடு - கோல் ஈரநிலம் 2002ஆம் ஆண்டு ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2010ஆம் ஆண்டு கேரளத்தின் மாநில மீனாக அறிவிக்கப்பட்ட கரிமீன் இக்காயலில் வாழ்கிறது. காயலின் அடியில் கிடைக்கும் கறுப்புச் சிப்பிகளைச் சேகரித்துப் பிழைக்கும் குடும்பங்களும் இங்கு உள்ளன. நீரை வடிகட்டி உணவு தேடும் உயிரினம் என்பதால், நீரில் கலந்தது எதுவாயினும் அது சிப்பியின் உடலுக்குள் செல்கிறது.

குட்டநாட்டின் நெல்வயல்களை உப்புநீரிலிருந்து காப்பதற்காகக் காயலின் குறுக்கே தண்ணீர்முக்கம் தடுப்பணை கட்டப்பட்டுள்ளது. இதன் கதவுகள் வழக்கமாக டிசம்பர் நடுவில் மூடப்பட்டு, அறுவடைக் காலம் வரை அடைபட்டிருக்கும். அப்போது தடுப்பணைக்குத் தெற்கேயுள்ள ஆலப்புழை, குமரகம் பகுதிகளில் கடலின் ஏற்றவற்ற ஓட்டம் தடைபடுகிறது. விடுமுறைக்கால சுற்றுலா உச்சம் பெறுவதும் இதே மாதங்களில்தான். படகுகள் மிகுதியாக ஓடும் காலத்தில் அழுக்கை அடித்துச் செல்லும் நீரோட்டம் குறைந்து விடுவதால், சிந்தும் ஒவ்வொரு துளியும் அதிக நாள் அங்கேயே தங்குகிறது. இப்பகுதியின் கால்வாய்க் கரைகளில் வாழும் மக்கள் குளிப்பதும் துணி துவைப்பதும் அதே நீரில்தான்.

கசிவு ஏற்படும் இடங்கள்

படகில் நிலையாகப் பொருத்தப்பட்ட டேங்கிற்கு இரண்டு குழாய்கள் இருக்கும். ஒன்று மேல்தளத்திலிருந்து எரிபொருளை உள்ளே கொண்டு செல்லும் குழாய். மற்றொன்று, டேங்கிலிருந்து காற்று வெளியேறுவதற்கான காற்றுக்குழாய். இதன் வாய் பெரும்பாலும் படகின் வெளிப்பக்கத்தில், நீருக்கு மேலே திறந்திருக்கும். டேங்க் நிரம்பிய பின்னும் எரிபொருள் ஊற்றப்பட்டால், மிகுதி இந்தக் காற்றுக்குழாய் வழியாக நேரே நீரில் விழுகிறது. ஊற்றுபவர் மேல்தளத்தில் நிற்பதால் அது அவர் கண்ணில் படுவதில்லை.

பெட்ரோல் நிலையங்களில் உள்ள நாசில், அதன் முனையை எரிபொருள் தொட்டதும் தானாகவே நின்றுவிடும். வாகனங்களுக்கு இந்த ஏற்பாடு பொருந்துகிறது. படகில் நிரப்பு குழாய் நீளமானது. எரிபொருள் மேலேறி நாசிலைத் தொடுவதற்குள், காற்றுக்குழாய் வழியே வெளியேறத் தொடங்கியிருக்கும். கேனில் கொண்டு வந்து புனல் வைத்து ஊற்றும்போது இந்தத் தானியங்கித் தடையும் கிடையாது.

வெப்பத்தால் எரிபொருள் விரிவடைவது மற்றொரு காரணம். 100 லிட்டர் பெட்ரோலின் வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால், அதன் கன அளவு சுமார் ஒரு லிட்டர் கூடுகிறது. பெட்ரோல் நிலையத்தின் நிலத்தடித் தொட்டியிலிருந்து வரும் எரிபொருளைக் காலையில் விளிம்பு வரை நிரப்பி, படகை நண்பகல் வெயிலில் நிறுத்தினால், யாரும் தொடாமலே அது வழியத் தொடங்கும். ஆகவே டேங்கில் பத்தில் ஒரு பங்கு இடத்தைக் காலியாக விடுவது நல்லது.

நிரப்பும் முன் செய்ய வேண்டியவை

முதலில் படகைத் துறையில் இறுகக் கட்ட வேண்டும். அலையில் ஆடும் படகில் புனல் நிலைத்து நிற்காது. இன்ஜின், ஜெனரேட்டர், சமையலறை அடுப்பு, மின் சுவிட்சுகள் அனைத்தையும் அணைத்து, பயணிகளைக் கரையில் இறக்கிவிட வேண்டும். புகைபிடிப்பதை முற்றிலும் தவிர்க்க வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று முதல் நான்கு மடங்கு கனமானது என்பதால், அது படகின் அடிக்குழியில் தேங்கி நிற்கும். அறைகளின் கதவுகளையும் சன்னல்களையும் நிரப்பும்போது மூடி வைக்க வேண்டும்.

அடுத்து, டேங்கில் எவ்வளவு மீதமுள்ளது என்பதைப் பார்த்து, எத்தனை லிட்டர் தேவை என்று முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். 60 லிட்டர் டேங்கில் 20 லிட்டர் இருந்தால், 34 லிட்டருக்கு மேல் ஊற்றக் கூடாது. வழியும் வரை ஊற்றிப் பார்க்கும் பழக்கமே பெரும்பாலான கசிவுகளுக்கு வேர்.

படகு வீடுகளின் மேல்தளத்தில் நன்னீர்த் தொட்டிக்கும் எரிபொருள் டேங்கிற்கும் ஒன்றுபோல் தோன்றும் திறப்புகள் இருப்பதுண்டு. இவற்றை வண்ணத்தாலும் எழுத்தாலும் வேறுபடுத்திக் காட்டினால், தவறான திறப்பில் ஊற்றுவதைத் தவிர்க்கலாம்.

நிரப்பும்போது கவனிக்க வேண்டியவை

எடுத்துச் செல்லக்கூடிய சிறிய டேங்க் கொண்ட அவுட்போர்டு இன்ஜின் படகுகளில், டேங்கைக் கழற்றிக் கரைக்குக் கொண்டு வந்து, தரையில் வைத்து நிரப்புவதே பாதுகாப்பானது. சிந்தினாலும் அது நீரில் சேராது. நாசில் டேங்கின் வாயைத் தொட்டபடி இருந்தால், நிலைமின்சாரத்தால் தீப்பொறி எழும் அபாயமும் குறைகிறது.

நிலையான டேங்கில் நிரப்ப இருவர் தேவை. ஒருவர் ஊற்ற, மற்றொருவர் காற்றுக்குழாயின் வாயில் உறிஞ்சு துணியையோ ஏந்து பாத்திரத்தையோ பிடித்திருக்க வேண்டும். நிரப்பு வாயைச் சுற்றியும் துணி சுற்றப்பட வேண்டும். பாலிபுரொப்பிலீன் இழையால் செய்யப்பட்ட உறிஞ்சு விரிப்புகள் எண்ணெயை மட்டும் உறிஞ்சி நீரை விலக்குவதால், இப்பணிக்கு ஏற்றவை. கடைசிச் சில லிட்டர்களை மெதுவாக ஊற்ற வேண்டும். நிரம்பும்போது குழாயில் எழும் ஒலி மாறுவதைக் கூர்ந்து கேட்டால் நிறுத்த வேண்டிய தருணம் தெரியும். காற்று வெளியேறும் வரை ஊதி, டேங்க் நிரம்பும் நிலையில் ஓசை நிற்கும் விசில் கருவிகளையும் காற்றுக்குழாயில் பொருத்திக் கொள்ளலாம்.

கேனிலிருந்து ஊற்றும்போது அதன் வாய் மேற்பக்கமாக இருக்கும்படி சாய்த்தால், காற்று தடையின்றி உள்ளே புகுந்து எரிபொருள் சீராக வழியும். வாய் கீழ்ப்பக்கமாக இருந்தால் அது விட்டுவிட்டுப் பீறிட்டுச் சிதறும். துறைக்கும் படகுக்கும் இடையே கேனை ஒருவரே தூக்கிக்கொண்டு தாவக் கூடாது. அதைக் கைமாற்றியே தர வேண்டும். கனமான கேனைத் தூக்கி ஊற்றுவதற்குப் பதிலாகக் கைப்பம்பைப் பயன்படுத்துவது இன்னும் சிறந்தது. குழாயை வாயால் உறிஞ்சி எரிபொருளை இறக்கும் பழக்கம் மிக ஆபத்தானது. சில துளிகள் நுரையீரலுக்குள் சென்றாலே கடுமையான அழற்சி உண்டாகலாம். தவறி விழுங்கியவரை வாந்தியெடுக்கச் செய்யாமல், உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

நிரப்பி முடித்ததும் நாசிலையோ கேனையோ உடனே எடுத்துவிடாமல், எஞ்சிய துளிகள் டேங்கிற்குள் வடிய விட வேண்டும். பின்னர் மூடியை இறுக்கி, கதவுகளைத் திறந்து காற்றோட்டம் ஏற்படுத்தி, எரிபொருள் வாடை இல்லை என்பதை உறுதி செய்த பின்னரே இன்ஜினை இயக்க வேண்டும்.

சிந்திவிட்டால் என்ன செய்வது?

முதல் வேலை, ஊற்றுவதை நிறுத்துவது. தளத்தில் சிந்தியதை நீரூற்றிக் கழுவாமல் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். நீரில் விழுந்திருந்தால், படலம் பரவுவதற்குள் உறிஞ்சு விரிப்பை அதன் மேல் மிதக்க விட வேண்டும்.

பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தை ஊற்றிப் படலத்தைக் கலைப்பது சிலர் கையாளும் வழி. இதனால் எண்ணெய் மறைவதில்லை. நுண்ணிய துளிகளாக உடைந்து நீருக்குள் இறங்குகிறது. மேற்பரப்பில் இருந்து ஆவியாகியிருக்க வேண்டியது, மீனும் சிப்பியும் வாழும் ஆழத்திற்குச் செல்கிறது. சோப்பும் தன் பங்குக்கு நஞ்சைச் சேர்க்கிறது. அதன் பிறகு உறிஞ்சு விரிப்பாலும் எதையும் எடுக்க இயலாது.

படகின் அடிக்குழியில் எண்ணெய் கலந்த நீர் இருந்தால் அதைக் காயலில் இறைத்து விடக் கூடாது. எண்ணெயை உறிஞ்சும் விரிப்பை அடிக்குழியில் நிரந்தரமாக வைத்திருப்பது பயன் தரும். எரிபொருள் நனைந்த துணிகள் அபாயகரக் கழிவு விதிகளின் கீழ் வருபவை. இவற்றை மூடியுள்ள உலோகக் கலனில் சேர்த்து, அங்கீகரிக்கப்பட்ட கழிவு சேகரிப்பாளரிடம் ஒப்படைக்க வேண்டும். கசிவு பெரிதாயின், துறைமுக அலுவலகத்துக்கும் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் தகவல் தர வேண்டும். கடற்பகுதியில் அவசர உதவிக்குக் கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண் உள்ளது.

சட்டம் கூறுவது

நீர் மாசு தடுப்புச் சட்டம், 1974, நச்சுப் பொருள்களைத் தெரிந்தே நீர்நிலையில் கலக்க விடுவதைத் தடை செய்கிறது. 1917ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்த உள்நாட்டுக் கப்பல்கள் சட்டம், 2021, ஆறு, காயல், கால்வாய்களில் இயங்கும் இயந்திரப் படகுகளால் ஏற்படும் மாசைத் தடுப்பதற்கெனத் தனிப் பகுதியையே கொண்டுள்ளது. பெட்ரோலைப் பொறுத்தவரை, விற்பனைக்கு அல்லாமல் சொந்தப் பயன்பாட்டுக்காக உரிமமின்றி 30 லிட்டர் வரை மட்டுமே வைத்திருக்க பெட்ரோலியச் சட்டம், 1934 அனுமதிக்கிறது.

எரிபொருளே தேவைப்படாத படகுகள் இச்சிக்கலுக்கு நிலையான தீர்வாகும். இந்தியாவின் முதல் சூரிய ஆற்றல் பயணிகள் படகான ஆதித்யா, வைக்கம் - தவணக்கடவு இடையே வேம்பநாடு காயலில் 2017 ஜனவரியில் சேவையைத் தொடங்கியது. டீசல் படகுகள் ஓடும் வரை, காயலின் தூய்மை எரிபொருள் ஊற்றுபவரின் கையில்தான் இருக்கிறது.

சுருக்கமாக நினைவில் கொள்ள வேண்டியவை

தேவையான அளவை முன்கூட்டியே கணக்கிட வேண்டும்.
டேங்கில் பத்தில் ஒரு பங்கைக் காலியாக விட வேண்டும்.
சிறிய டேங்கைக் கரையில் வைத்து நிரப்ப வேண்டும்.
காற்றுக்குழாயின் வாயில் ஒருவர் உறிஞ்சு துணியுடன் நிற்க வேண்டும்.
சிந்தினால் ஒற்றி எடுக்க வேண்டும். சோப்பு ஊற்றக் கூடாது.
காற்றோட்டம் ஏற்படுத்திய பின்னரே இன்ஜினை இயக்க வேண்டும்.